செக்ரோலில் ஏறாத பெயர்கள்

மலேசியத் தோட்டப்புறத்தில் வளர்ந்த யாருக்கும் 555 நோட்டு எது என்று சொல்லத் தேவையில்லை. உள்ளங்கையில் அடங்கும் சின்ன நோட்டு. அட்டையில் பெரிதாக மூன்று ஐந்துகள். மளிகைக் கடைக்காரர் அதில் அரிசி, சீனி, கருவாடு என்று வரிசையாக எழுதி வைப்பார். சம்பள நாளில் கூட்டிப் பார்த்துக் குறுக்கே கோடு கிழிப்பார். கடன் என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்கு அந்த அட்டைதான் கண்முன் வருகிறது.

சென்ற மாதம் பீடோங்கில் அதே 555 நோட்டை 23 வயதுப் பெண் ஒருவரின் கையில் பார்த்தேன். பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் அவருக்கு வேலை. விடிவதற்கு முன் ஆலைப் பஸ் ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார். அவரிடம் எங்கள் வட்டாரக் கோயில் நிர்வாகமும் குடியிருப்பாளர்களும் சேர்ந்து இவ்வாண்டு ஒரு பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்கள். ஊரில் கூலி வாங்காமல் உழைப்பவர்கள் யார் யார் என்று தேடிக் கண்டு, ஆண்டு முடிவில் அவர்களைப் பாராட்ட வழி செய்ய வேண்டும். ‘தொண்டர் பாராட்டுப் பொறுப்பாளர்’ என்று கூட்டக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். அவர் காட்டிய நோட்டில் அன்றைக்கு 41 பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, கடைக்காரர் சாமான் எழுதுவதுபோல, அவரவர் செய்த வேலை.

சின்னப் பிள்ளையிடம் கொடுக்கிற வேலையா இது என்று சிலர் கேட்டார்கள். பொன்னாடை வாங்கவும் நற்சான்றிதழ் அச்சடிக்கவும் யார் இருந்தால் என்ன என்று வேறு சிலர் நினைத்தார்கள். இரு தரப்பும் இந்தப் பொறுப்பின் கனத்தை அறியவில்லை என்பது என் எண்ணம். தோட்டத்து வாழ்வில் யார் பெயரை எழுதினார்கள், யார் பெயரை எழுதாமல் விட்டார்கள் என்ற கதை தெரிந்தால் இதன் கனம் புரியும்.

என் தந்தை பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். இருள் பிரியாத வேளையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போவார். ஆட்கள் வரிசையில் நிற்க, தோட்டக் கணக்கரான கிராணி, செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிடுவார். வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு வேறொரு குறி. தோட்டத்தில் ஒரு தொழிலாளியின் பெயரை எழுத்தில் பார்க்க முடிந்தது பெரும்பாலும் அங்கேதான். எத்தனை நாள் வேலை, எத்தனை ராத்தல் பால், எவ்வளவு பிடித்தம் என்பதோடு அந்த எழுத்து நின்றுவிடும். வேலை முடிந்து, வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பிய பிறகு அதே மனிதர் என்ன செய்தார் என்பதற்கு அதில் இடம் கிடையாது.

லயத்துக்குத் திரும்பிய பிறகு அவர்கள் செய்தவைதான் நம் சமூகமாக நின்றது. நிர்வாகம் வீடு கொடுத்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயக்கொட்டகை கொடுத்தது, சட்டம் கேட்ட அளவுக்குப் பள்ளியும் கொடுத்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பல இடங்களில் அது ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாரும் என்ற அளவில் நின்றது. மாரியம்மன் கோயிலை எழுப்பியது, திருவிழாவுக்கு வீடு வீடாகப் பணம் பிரித்தது, மரண சகாய நிதிக்கு மாதச் சந்தா சேர்த்தது, இரவில் விளக்கைக் கொளுத்திப் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுத்தது, இவையெல்லாம் பகல் முழுவதும் வெட்டுக்கத்தி பிடித்த கைகள் மாலையில் செய்த வேலை. நாடு விடுதலை பெற்ற 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவற்றில் எத்தனை பள்ளிக்குக் கூரை மாற்றியவர்கள், வேலி போட்டவர்கள், மேசை செய்தவர்கள் ஊர்க்காரர்கள்! இன்றும் கல்வி அமைச்சின் பகுதி உதவி மட்டும் பெறும் பள்ளிகளில் கட்டடத்தைக் காப்பது வாரியத்தின் பொறுப்பு. வாரியம் என்றால், நடைமுறையில், சனிக்கிழமை மண்வெட்டியோடு வந்து நிற்கும் நான்கைந்து பேர்.

பீடோங்குக்குத் தொண்டர் என்ற சொல்லும் புதிதல்ல. கெடாவில், சுங்கை பட்டாணிக்கு வடக்கே, ஜெராய் மலையைப் பார்த்தபடி இருக்கும் இந்தச் சிறு நகரத்தைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள்தாம். அவற்றில் ஒன்று ஹார்வார்ட் தோட்டம்; அதன் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. ஜப்பானியர் போன பிறகு அந்தத் தோட்டத்தில்தான் ஏ. எம். சாமி தொண்டர் படையைத் தொடங்கினார். போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதை வேலைக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வராத காலம் அது. வயிற்றுக்குப் போதாத சம்பளம். அந்தச் சம்பளத்தையும் மாலைக்குள் விழுங்கக் கள்ளுக்கடை காத்திருந்தது. இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய இளைஞர்கள் பலர் படையில் சேர்ந்தார்கள். அணிவகுத்தார்கள், லயங்களைத் துப்புரவு செய்தார்கள், கள்ளுக்கடை வாசலில் மறியலுக்கு நின்றார்கள். 1947இல் அந்த மறியல் போலீஸ் மோதலாக வெடித்தது. அந்த ஆண்டு கெடா தோட்டங்களில் உயிர்கள் போயின. பலர் கைதாகிச் சிறை சென்றார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு தோட்டத்தில் நான்கு பேர் கூடுவதே சந்தேகத்துக்குரியதாயிற்று.

தொண்டர் படையைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அன்றைய அரசாங்க ஆவணங்களையும் அவற்றைப் படித்த ஆய்வாளர்களையும் கொண்டு தெரிந்ததுதான். கைதானவர் பதிவில் இருக்கிறார். மறியலுக்குப் போனவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு யார் சோறு போட்டார், அடிபட்டு வந்தவருக்கு யார் ஒத்தடம் கொடுத்தார் என்பதற்கு யாரிடமும் கணக்கில்லை. அந்தப் பெயர்கள் லயத்தில் இருந்தன, லயத்தோடு போயின. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அடுத்த தலைமுறையில் இளைஞர்கள் வேறு வழியில் வந்தார்கள். கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழ் 1950களில் வளர்த்தெடுத்த மாணவர் மணிமன்றம் தோட்டப்புறங்களில் வேர் பிடித்துப் பின்னர் தமிழ் இளைஞர் மணிமன்றமாகப் பரவியது. ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், ஒரு நோட்டுப் புத்தகம். பால்மரம் வெட்டும் 18 வயதுப் பையன் மாலையில் ‘செயலாளர்’ ஆனான்; கூட்டக் குறிப்பு எழுதினான், மேடையில் பேசினான், நாளிதழுக்குச் செய்தி அனுப்பினான். என் மாமா அப்படி ஒருவர். அவர் எழுதிய குறிப்பேட்டில் இருந்த ஒரு வரி இப்போதும் நினைவில் இருக்கிறது: நூலகத்துக்கு அலமாரி செய்து தந்த சீனத் தச்சருக்கு நன்றி கூறி ஒரு தீர்மானம். பெயரோடு எழுதியிருந்தார். அந்த அலமாரி எப்போதோ கறையான் அரித்துப் போயிற்று.

இனி இன்றைய நிலைமைக்கு வருகிறேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் என்ற புதுக் குடியிருப்பு வந்தது. லயத்தில் அடுத்தடுத்து இருந்த இருபது குடும்பங்கள் சுங்கை பட்டாணி, கூலிம், பட்டர்வொர்த் என்று சிதறின. இதில் நாம் இழந்தவற்றில் ஒன்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. லயத்தில் யார் என்ன செய்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். பிரசவம் என்றால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது, சாவு என்றால் யாரைக் கூப்பிடுவது என்று குழந்தைக்கும் தெரியும். அந்தத் தெரிதலே மரியாதையாக இருந்தது. கல்யாணப் பந்தியில் முதல் இலை, திருவிழாவில் முதல் திருநீறு, வழியில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவது. பாராட்டு விழா என்று தனியாக ஒன்று வேண்டியிருக்கவில்லை.

தாமானில் இரும்புக் கதவுக்கு இரும்புக் கதவு எதிரே இருக்கிறது. எதிர் வீட்டு அக்கா வாரம் இருமுறை டயாலிசிஸ் நோயாளி ஒருவரைத் தம் காரில் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார் என்பது பக்கத்து வீட்டுக்கே தெரியாது. தொண்டு குறைந்துவிட்டதாக மூத்தவர்கள் வருத்தப்படுகிறார்கள். நான் பார்த்தவரையில் தொண்டு குறையவில்லை. தொண்டு செய்பவரைப் பார்க்கும் கண்தான் குறைந்துவிட்டது. லயத்தில் ஊரே சேர்ந்து செய்த அந்தப் பார்வையை இப்போது ஒருவர் பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த 23 வயதுப் பெண்ணின் பதவி பிறந்தது இங்கேதான்.

பாராட்டு நம்மிடம் அறவே இல்லாமலும் இல்லை. ஆனால் அது போகும் வழி வேறு. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி ஒவ்வொரு சங்கமும் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் பொறுப்பாளர் பட்டியலையும் கணக்கையும் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அந்தப் படிவத்தில் ஏறுவது பதவியில் இருப்பவரின் பெயர். அன்னதானத்துக்கு முதல் நாள் இரவு முழுவதும் கத்திரிக்காய் அரிந்தவர் எந்தப் படிவத்திலும் வரமாட்டார். நிகழ்ச்சிக்குப் பணம் தேவை என்பதால் பணம் கொடுத்தவர் மேடையில் அமர்வார். பொன்னாடை அவருக்குப் போகும். அவர் கொடுத்ததும் உதவிதான், மறுக்கவில்லை. மாநில ஆட்சியாளரின் பிறந்தநாளில் வழங்கும் பி.ஜே.கே. போன்ற பதக்கங்கள் உண்மையான தொண்டர்கள் சிலருக்கும் கிடைத்திருக்கின்றன. ஆனால் அதற்கு யாராவது படிவம் நிரப்பி, செய்த பணிகளை ஆண்டு வாரியாக எழுதிப் பரிந்துரைக்க வேண்டும். எழுதித் தர ஆள் இல்லாதவருக்கு அந்த வாசல் திறப்பதில்லை. ஆக, செக்ரோலில் விட்டுப்போனவர் சங்கப் படிவத்திலும் விட்டுப்போகிறார், பரிந்துரைப் பட்டியலிலும் விட்டுப்போகிறார்.

இந்த இளம்பெண்ணின் வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடவே சென்று பார்த்தேன். முதலில் அவர் கோயில் தலைவரிடமோ பள்ளி வாரியத்திடமோ பெயர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் தெரிந்த பெயர்களே திரும்ப வரும் என்றார். பதிலாக ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்: ‘உங்கள் வீட்டில் ஒரு கஷ்டம் வந்தபோது, கூப்பிடாமலே வந்தவர் யார்?’ கேள்வி எளிது. ஆனால் பதில் சொல்பவர் ஒரு நிமிடமாவது மௌனமாகிவிடுகிறார். பிறகு ஒரு பெயர் வருகிறது. அந்தப் பெயரை வேறொருவரும் சொன்னால் மட்டும் நோட்டில் ஏறுகிறது.

இப்படி வந்த பெயர்களைப் படித்தால் ஊரின் இன்னொரு முகம் தெரிகிறது. வாரக் கடைசிகளில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குத் தமிழ் இலக்கியம் சொல்லித்தரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் எடுக்கக்கூடிய பாடங்களை 2009இல் பத்தாகக் குறைக்க முடிவான சமயம், தமிழும் இலக்கியமும் விடுபடக்கூடாது என்று எழுந்த குரலால்தான் வரம்பு பன்னிரண்டாக உயர்ந்தது. வரம்பு உயர்ந்தாலும் பல பள்ளிகளில் இலக்கியத்துக்குக் கால அட்டவணையில் இடமில்லை. அந்த இடத்தை இவரைப் போன்றவர்கள் தங்கள் வீட்டு முன்கூடத்தில் ஏற்படுத்தித் தருகிறார்கள். இன்னொருவர் பஸ் ஓட்டுநராக இருந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களை, குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையை எட்டியவர்களை, தேசியப் பதிவிலாகாவுக்கு அழைத்துச் செல்கிறார். ஆவணமில்லாத இந்தியர்களைப் பதிவு செய்ய 2011இல் மைடஃப்தார் இயக்கம் நடந்தபோது படிவம் நிரப்பக் கற்றுக்கொண்டாராம், இன்றும் நிறுத்தவில்லை. ஒரு மனுவுக்கு எத்தனை முறை போக வேண்டும் என்று கேட்டேன். ‘அவர்கள் வரச் சொல்லும்வரை’ என்றார்.

பெண்களின் பெயர்கள் தொடக்கத்தில் குறைவாகவே வந்தன என்று நோட்டுக்காரப் பெண் கவலைப்பட்டார். காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. ஆண் செய்தால் தொண்டு; பெண் செய்தால் அது வீட்டு வேலையின் தொடர்ச்சியாகத் தெரிகிறது. பிரசாதம் கிண்டுவது, தீட்டுத் துணி துவைப்பது, தாயில்லாப் பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவது இவையெல்லாம் ‘என்ன பெரிய விஷயம்’ என்ற கணக்கில் போய்விடுகின்றன. ஆகவே அவர் கேள்வியைச் சற்று மாற்றி, வீட்டுப் பெண்களிடம் தனியே கேட்கத் தொடங்கினார். நோட்டில் இரண்டு பக்கம் நிறைந்தது அதற்குப் பிறகுதான். தமிழர் அல்லாதவர்களின் பெயர்களும் வந்தன. தண்ணீர்ப் பந்தலுக்கு ஆண்டுதோறும் ஐஸ் கட்டி அனுப்பும் சீனக் கடைக்காரர். ஜெராய் மலையடிவாரத்தில் 2021 ஆகஸ்டில் யான் வட்டாரத்தை வெள்ளம் அடித்தபோது நம் பையன்களைத் தம் லாரியில் ஏற்றிச் சென்று, சேறு வாரி, திரும்பக் கொண்டுவந்து விட்ட மலாய்க்கார அண்ணன். மறு ஆண்டு ஜூலையில் பாலிங் மாவட்டத்துக் கூப்பாங்கில் மலைவெள்ளம் மரங்களையும் பாறைகளையும் புரட்டிக்கொண்டு வந்தபோதும் அதே லாரி போயிருக்கிறது. இந்தச் செய்தி எனக்கே அந்த நோட்டைப் பார்த்துத்தான் தெரியும். நான் பக்கத்துத் தெருவில் வசிக்கிறேன்.

அன்று மாலை ஒரு பாட்டியின் வீட்டுக்குப் போனோம். வயது 74. ஊரில் எந்தப் பெண் இறந்தாலும் உடலைக் குளிப்பாட்டி, உடுத்தி, பொட்டிட்டு அனுப்பி வைப்பவர் அவர்தான். பழைய மைலோ டின் ஒன்று அவருடைய அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. திறந்து காட்டினார். ஒரு கட்டிச் சந்தனம், மஞ்சள் தூள், வாய்க்கட்டுக்கும் கால்கட்டுக்கும் கிழித்து மடித்த வெள்ளைத் துணி நாடாக்கள், நெற்றிக்காசுக்குச் சில நாணயங்கள், சின்ன சீப்பு. நாடாக்கள் ஒரே அகலத்தில், ஒரே மடிப்பில் இருந்தன. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் டின்னை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அங்கே போய்த் துணி தேடிக்கொண்டிருக்கக்கூடாது, அந்த வீட்டுப் பெண்கள் அழுதுகொண்டிருப்பார்கள் என்றார். ஹார்வார்ட் தோட்டத்து லயத்தில் ஒரு மூதாட்டியிடம் கற்றுக்கொண்டாராம்.

பெயரை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டபோது முகம் மாறிவிட்டது. ‘இதற்கெல்லாம் பெயர் எழுதக்கூடாது, கண்ணு. சாவு வீட்டுக் கணக்கு அது. மேடையில் சொன்னால் நன்றாகவா இருக்கும்?’ என்றார். நானாக இருந்தால் வற்புறுத்தியிருப்பேன். அந்தப் பெண் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, ‘அடுத்த முறை போகும்போது என்னைக் கூப்பிடுங்கள் பாட்டி, தண்ணீர் மொண்டு தருகிறேன்’ என்று மட்டும் சொன்னார்.

இளையவர் ஒருவர் இந்தப் பொறுப்பில் இருப்பதன் பலன் எனக்கு அப்போதுதான் தெளிவாயிற்று. வயதில் மூத்தவர் பட்டியல் போட்டால் தமக்குத் தெரிந்ததை எழுதுவார். இளையவருக்குத் தெரியாது, ஆகவே கேட்டாக வேண்டும். கேட்கும்போது பெயரோடு அந்த வேலையும் கைமாறுகிறது. அந்த டின்னில் என்ன இருக்க வேண்டும் என்பது இப்போது இன்னொரு தலைமுறைக்குத் தெரிந்துவிட்டது. மூத்தவர்கள் நிறைந்த நிர்வாகத்தில் பழைய மனத்தாங்கல்கள் உண்டு. இன்னார் பெயரை எழுதினால் அன்னாருக்குக் கோபம். 23 வயதுக்காரருக்கு அந்தப் பாக்கிகள் எதுவும் இல்லை.

நாட்டின் சட்டமும் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. 2019 ஜூலையில் நாடாளுமன்றம் அடுத்தடுத்து இரண்டு முடிவுகள் எடுத்தது. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது ஒன்று. இளைஞர் சங்கங்கள் சட்டத்தைத் திருத்தி, இளைஞர் என்பதன் உச்ச வயதை 40இலிருந்து 30ஆக்கியது மற்றொன்று. முதல் முடிவைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். இரண்டாவது நம் சங்கங்களுக்கு இன்னும் நெருக்கமானது. இளைஞர் பிரிவுத் தலைவர் என்ற பெயரில் தலை நரைத்தவர்கள் அமர்ந்திருந்த நாற்காலிகளைக் கேள்வி கேட்டது அது. கோயில் நிர்வாகத்தை அந்தத் திருத்தம் கட்டுப்படுத்தாது; ஆனால் ஊர்ப் பொறுப்புகளில் இளையவருக்கு இடம் எங்கே என்ற கேள்வியை அங்கும் கொண்டுவந்துவிட்டது. எங்கள் ஊரில் அதற்குக் கிடைத்த முதல் பதில் இந்த நோட்டு.

பாராட்டப்படுபவருக்கு இதனால் என்ன கிடைக்கும்? மூத்தவருக்கு மனநிறைவு. இளைய தொண்டருக்கு அதற்கு மேலும் ஒன்று தேவை. வெள்ளத்தில் சேறு வாரிய பையன் உபகாரச் சம்பள நேர்காணலுக்குப் போகும்போது, எந்த ஆண்டு, எந்த ஊரில், எத்தனை நாள், என்ன வேலை என்று விவரமாக எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று இருந்தால் அது பேசும். ‘சிறந்த சேவையாளர்’ என்று பொன்னெழுத்தில் அச்சடித்த சான்றிதழ் அப்படிப் பேசாது. இதைப் புரிந்துகொண்டு அவர் இளையவர்களுக்குக் கடிதமாகவே எழுதப்போகிறார். நல்ல முடிவு.

ஒரு பக்தி மரபுச் செய்தியையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. திருவாரூரில் சுந்தரர் பாடிய திருத்தொண்டத் தொகை அடிப்படையில் ஒரு பெயர்ப் பட்டியல்தான். இறைவனைப் பாட வந்தவர் தொண்டர்களின் பெயரை வரிசையாகச் சொன்னார். குயவர், வேடர், வண்ணார், மீனவர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். தனிப்பெயர் தெரியாதவர்களையும் அவர் விடவில்லை. ஒன்பது தொகையடியார்களாகக் கூட்டிச் சொன்னார். சுந்தரர் அப்போது இளைஞர். மரபு அவருக்குத் தரும் ஆயுள் 18 ஆண்டுகள்தான். கோயில் பிரகாரத்தில் அறுபத்து மூவரைக் கும்பிட்டு வரும் நாம், தொண்டர் பெயரை எழுதும் வேலையை ஏன் சின்னது என்று நினைக்கிறோம்?

பொறுப்பு தழைக்க வேண்டுமானால் ஊர் செய்ய வேண்டியவையும் உண்டு. பட்டியலில் கைவைக்கும் உரிமை நிகழ்ச்சிக்கு நன்கொடை தருபவருக்கோ அரசியல்வாதிக்கோ இருக்கக்கூடாது. எங்கள் நிர்வாகம் இதைத் தீர்மானமாக எழுதிவிட்டது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி வேறு ஊர் போனாலும் நோட்டு இங்கேயே இருக்க வேண்டும். கைப்பேசியில் மட்டும் இருந்தால் கைப்பேசியோடு போய்விடும். பொறுப்பை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேறோர் இளையவருக்கு மாற்றினால் நல்லது. செலவு அதிகம் இல்லை. நோட்டு, கடிதத்தாள், அன்றைய சாப்பாடு. பொன்னாடை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

நாள் டிசம்பர் 5. ஐக்கிய நாடுகள் சபை 1985இல் உலகத் தொண்டர் நாளாக அறிவித்த நாள் அது. 2026ஐத் தொண்டர்களுக்கான அனைத்துலக ஆண்டாகவும் அச்சபை அறிவித்திருக்கிறது. கோயில் மண்டபத்தில் தரையில் பாய் விரிப்பார்கள். மேடை கிடையாது. பெயரைப் படிக்கும்போது, அவரால் பலன் பெற்றவர் யாராவது ஒருவர் எழுந்து இரண்டு வார்த்தை சொல்வார். பிறகு பந்தி, பெயர் பெற்றவர்களுக்கு முதல் இலை.

பெயர் எழுதுவதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. தோட்டத்தில் பிறந்த மூத்தவர்கள் பலரின் பெயர் அடையாள அட்டையில் சிதைந்து கிடக்கிறது. பதிவு செய்தவர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரு பெயர் வேறொரு பெயராகியிருக்கிறது. வாழ்நாள் முழுவதும் அரசாங்க அலுவலகங்களில் அந்தத் தப்பான பெயருக்கே ‘ஆம்’ சொல்லி எழுந்து நின்றவர்கள் இவர்கள். அதனால் அந்தப் பெண் ஒவ்வொருவரிடமும் கேட்கிறார்: ‘உங்கள் அம்மா உங்களை எப்படிக் கூப்பிட்டார்கள்? கடிதத்தில் அந்தப் பெயரை எழுதட்டுமா?’

மூன்று வாரம் கழித்து பாட்டியிடமிருந்து அழைப்பு வந்தது. அடுத்த தாமானில் ஒரு சாவு. அந்தப் பெண் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு போனார்; குளியலறை வாசலில் நின்று வாளியில் தண்ணீர் மொண்டு கொடுத்தார், நாடாக்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். வீடு திரும்பித் தலைக்குக் குளித்த பிறகு பாட்டி அவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, ‘எங்கே அந்த நோட்டு?’ என்று கேட்டாராம். மேடையில் சொல்ல வேண்டாம், எழுதி மட்டும் வை என்றாராம். அம்மா கூப்பிட்ட பெயரைச் சொன்னார். பெண் எழுதினார். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்த பாட்டி, நோட்டை வாங்கி விளக்குக்கு அருகே பிடித்து எழுத்து எழுத்தாகப் படித்தார். கடைசி எழுத்தில் புள்ளி விட்டுப்போயிருந்தது. பேனாவைக் கேட்டு வாங்கி, தாமே வைத்தார்.